ஒரு விரல், ஒரு ரவை: எஸ்.எல்.ஆர். துப்பாக்கியை வாசித்தல்

தமிழ்ப் புதுக்கவிதையில் துப்பாக்கிக்குப் பஞ்சமே இல்லை. அதன் முனையில் பூ பூக்கும், புறா வந்து உட்காரும், விடியல் பிறக்கும். சினிமாவில் அது 'டுமீல்' என்கிற சத்தம், அவ்வளவுதான். இரண்டிலுமே துப்பாக்கி என்கிற பொருள் காணாமல் போய்விடுகிறது. அது எந்தத் துப்பாக்கி, எத்தனை ரவை கொள்ளும், எவ்வளவு தூரம் பாயும், ஒரு ரவைக்கும் அடுத்த ரவைக்கும் நடுவில் சுடுகிறவன் என்ன செய்யவேண்டியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நடவுக்கும் நாற்றங்காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருத்தர் நெல்லைப் பற்றி எழுதினால் நம்ம பக்கத்தில் சிரிப்பார்கள். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் அந்தச் சலுகையை நமக்கு நாமே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு துப்பாக்கியைப் பற்றியது. எஸ்.எல்.ஆர். என்ற மூன்றெழுத்தில் போலீஸ்காரரும் பட்டாளத்துக்காரரும் சொல்கிற 'செல்ஃப் லோடிங் ரைஃபிள்'. தானே தோட்டா நிரப்பிக்கொள்கிற துப்பாக்கி என்று பொருள். செமி ஆட்டோமேட்டிக், அதாவது பாதித் தானியங்கி. எந்தப் பாதி இயந்திரத்தினுடையது, எந்தப் பாதி மனிதனுடையது என்பதே இங்கே கேள்வி. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்துகொண்டால், ஒரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு நாம் கேட்கவேண்டிய கேள்விகளும் மாறிவிடும்.

பெல்ஜியத்தில் பிறந்தது

பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தை ஒட்டி எர்ஸ்தால் என்று ஓர் ஊர். அங்கே இருக்கும் எஃப்.என். ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் தியுதொன்னே சைவ். அமெரிக்க ஆயுத வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கோடு வேலை செய்தவர். 1926இல் பிரௌனிங் இறந்தபோது முடியாமல் கிடந்த கைத்துப்பாக்கி வடிவத்தை முடித்துக் கொடுத்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பெல்ஜியத்தைப் பிடித்துக்கொண்டபோது இங்கிலாந்துக்குப் போய் அங்கே தன் வேலையைத் தொடர்ந்தார். போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு அவர் வடிவமைத்ததுதான் எஃப்.ஏ.எல். நம்முடைய எஸ்.எல்.ஆருக்கு அதுதான் தாய்.

சைவ் முதலில் இதைச் சின்னத் தோட்டாவுக்காகத்தான் செய்தார். போரில் பெரும்பாலான சண்டை 300 மீட்டருக்கு உள்ளேயே நடக்கிறது, அதற்கு அத்தனை பெரிய தோட்டா வேண்டாம் என்ற ஞானம் அப்போது ஜெர்மனியில், ரஷ்யாவில், பிரிட்டனில் எல்லாம் வந்திருந்தது. ஏ.கே. 47 அந்த ஞானத்தின் பிள்ளை. ஆனால் நேட்டோ நாடுகளுக்குப் பொதுவாக ஒரே தோட்டா என்று பேச்சு வந்தபோது அமெரிக்கா முழுபலத் தோட்டாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. 7.62 x 51 மில்லிமீட்டர் என்ற அளவு 1950களின் நடுவில் நேட்டோவின் பொது அளவானது. எஃப்.ஏ.எல். அதற்கேற்ப நீண்டது, கனத்தது. கடைசியில் அமெரிக்கா அந்தத் துப்பாக்கியை வாங்கவும் இல்லை. 1957இல் தன்னுடைய எம். 14ஐ ஏற்றுக்கொண்டது. ஒரு வல்லரசின் பிடிவாதம் ஒரு தோட்டாவின் நீளமாக உறைந்துபோனது. அந்த நீளத்தின் விளைவு அறுபது வருஷம் கழித்து நம்மூர்த் தெருவில் வந்து விழுந்ததைப் பின்னால் பார்ப்போம்.

தொண்ணூறு நாடுகளுக்கு மேல் இந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்தின. 'சுதந்திர உலகத்தின் வலது கை' என்று பட்டப்பெயர் வேறு. அந்தச் சுதந்திர உலகத்தில் நிறவெறித் தென்னாப்பிரிக்காவும் சேர்த்தி. காஸ்ட்ரோவின் கியூபாவும் இதை வைத்திருந்தது என்பது பட்டப்பெயர் வைத்தவர்கள் சொல்லாமல் விட்ட சங்கதி. 1982 பால்க்லாந்து போரில் அர்ஜென்டினா, பிரிட்டன் இரண்டு பக்கமும் இதே குடும்பத்துத் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

பழைய .303 துப்பாக்கியை என்.சி.சி.யில் நிறையப் பேர் தொட்டுப் பார்த்திருப்பார்கள். லீ என்ஃபீல்டு. அதில் ஒரு ரவை சுட்டதும் கையால் போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, முன்னால் தள்ளி, கீழே மடக்கவேண்டும். அப்புறம்தான் அடுத்த ரவை. ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவில் முழங்கை செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது.

எஸ்.எல்.ஆர். அந்த வேலையை முழங்கையிடமிருந்து பிடுங்கி வெடிவாயுவிடம் கொடுத்துவிட்டது. குண்டு குழலுக்குள் ஓடும்போது அதைத் தள்ளிக்கொண்டு வருகிற வாயுவில் கொஞ்சம், குழலின் மேல் உள்ள சின்னத் துளை வழியாக ஏறி ஒரு பிஸ்டனை அடிக்கிறது. பிஸ்டன் பின்னால் பாய்ந்து போல்ட்டைச் சுமக்கும் பாகத்தை இடிக்கிறது. அந்தப் பாகம் பின்னே நகரும்போது போல்ட்டின் வாலைத் தூக்கிவிடுகிறது. அதுவரை போல்ட்டின் வால் ஓர் எஃகுத் திண்டில் முட்டிக்கொண்டு, கதவுக்குக் கொடுத்த முட்டுக்கட்டை மாதிரி வெடியின் பலத்தைத் தாங்கி நிற்கிறது. வால் தூக்கியதும் கதவு திறந்துகொள்கிறது. போல்ட் பின்னால் போகிறபோதே வெற்றுத் தோட்டாவை இழுத்து வெளியே எறிகிறது, சுத்தியலைச் சாய்த்து வைக்கிறது. பிறகு சுருள்வில் போல்ட்டை முன்னே தள்ள, அது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை வழித்துக்கொண்டு போய்க் குழலில் நுழைக்கிறது. வால் மறுபடியும் திண்டில் இறங்குகிறது. எல்லாம் கண் இமைப்பதற்குள். அழுக்கு சேர்ந்து இயக்கம் மந்தமானால் வாயுவின் அளவைக் கூட்டிக்கொள்ள ஒரு திருகும் உண்டு.

இங்கேதான் அந்தக் கோடு விழுகிறது. புதுத் தோட்டா ஏறிவிட்டது, சுத்தியல் சாய்ந்து தயாராக இருக்கிறது, ஆனாலும் துப்பாக்கி சுடாது. விசையை அழுத்தியபடியே வைத்திருந்தாலும் சுடாது. விரலைத் தளர்த்தி, விசையைத் திரும்பி வரவிட்டு, மறுபடியும் அழுத்தினால்தான் அடுத்த ரவை புறப்படும். திறப்பது, எறிவது, நிரப்புவது, பூட்டுவது எல்லாம் இயந்திரத்தின் பாதி. சுடுவது மனிதனின் பாதி.

எஃப்.ஏ.எல்லின் மூல வடிவத்தில் தொடர்ந்து சுடுகிற வசதியும் இருந்தது. பிரிட்டன் தனக்காகச் செய்துகொண்டபோது அதை வேண்டுமென்றே எடுத்துவிட்டது. பெரிய தோட்டா, தொடர்ந்து சுட்டால் குழல் வானத்தைப் பார்த்து எகிறும், குறி தவறும், ரவை வீணாகும். காரணம் சிக்கனம்தான், கருணை இல்லை. இந்தியாவும் அந்த வழியிலேயே போனது. துப்பாக்கியின் பக்கத்தில் உள்ள நெம்புகோலுக்கு இரண்டே நிலைகள்: ஒன்று பூட்டு, மற்றது ஒவ்வொன்றாகச் சுடு.

மேகசினில் 20 தோட்டா. தோட்டா இல்லாமலே நாலு கிலோவுக்கு மேல் கனம். நீளம் ஒரு மீட்டருக்கு மேல். குண்டு புறப்படும் வேகம் விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல். ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். ஆகவே சத்தம் காதில் விழுவதற்கு முன்பே குண்டு வந்துவிடும். குறிபார்க்கும் தகட்டில் பொறித்திருக்கும் தூரங்கள் 200இல் தொடங்கி 600இல் முடிகின்றன. அதாவது இந்தத் துப்பாக்கி கற்பனை செய்கிற மிகக் கிட்டத்து எதிரியே 200இல் நிற்கிறான். நம் கடைத்தெருக்களில் 200 மீட்டர் நேராகப் பார்க்க முடிகிற இடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஈஷாப்பூர் வழியாக

1962இல் சீனாவோடு சண்டை வந்தபோது இந்தியச் சிப்பாயின் கையில் இருந்தது முதல் உலகப் போர் காலத்து .303. எதிரே பாதித் தானியங்கியும் முழுத் தானியங்கியும். அந்தத் தோல்விக்குத் துப்பாக்கி மட்டும் காரணமில்லை என்றாலும் தோற்ற பிறகு துப்பாக்கி மாறியது. புனேயில் இருந்த ஆயுத ஆராய்ச்சி நிறுவனம் வெளிநாட்டு எஃப்.ஏ.எல். மாதிரிகளைப் பிரித்து அளந்து, பெல்ஜியத்தின் மில்லிமீட்டர் வடிவமும் பிரிட்டனின் அங்குல வடிவமும் கலந்த ஒன்றை உருவாக்கியது. எஃப்.என். நிறுவனம் உரிமை கேட்டுத் தகராறு செய்தது, பிறகு சமரசம் ஆனது. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் 1960களில் உற்பத்தி தொடங்கியது. பெயர் 1ஏ1. இரண்டு பேரும் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாத ஒட்டுக்கன்று அது. அதன் பாகங்கள் பல, பெல்ஜியத் துப்பாக்கியிலும் பொருந்தாது, பிரிட்டிஷ் துப்பாக்கியிலும் பொருந்தாது.

1971 வங்கதேசப் போரில் இதுதான் காலாட்படையின் துப்பாக்கி. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இறங்கிச் சண்டை போட்ட அமைதிப்படையின் தோளிலும் இதுவேதான். அங்கே அது மூச்சுத் திணறியது. வேலி, பனங்கூடல், குறுகிய ஒழுங்கை, ஐம்பதடியில் எதிரி. அவர்கள் கையில் குட்டையான ஏ.கே. வகை. 600 வரை குறிபார்க்கிற நீளத் துப்பாக்கி ஒழுங்கை முனையில் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 1990இல் படை திரும்பியது. அதையொட்டிக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏ.கே. வகைத் துப்பாக்கிகளை இந்தியா அவசரமாக வாங்கியது. 90களின் பிற்பகுதியில் இன்சாஸ் வந்தது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை அதைச் செய்த இடங்களில் ஒன்று.

சரி, பட்டாளம் கழித்துக்கட்டிய எஸ்.எல்.ஆர். எங்கே போனது? போலீஸுக்குத்தான். தமையன் போட்டுக் கழித்த சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி. யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் சண்டைக்கே பொருந்தாது என்று பட்டறிந்த ஒரு துப்பாக்கி, நம் ஊர்களில் கூட்டம் கலைக்கப் பொருந்தும் என்று ஆகிவிட்டது. இதை யாரும் தீர்மானித்ததாகக் கூடத் தெரியவில்லை. கிடங்கில் இருந்தது, கொடுத்தார்கள்.

வெள்ளைக்காரனின் பயம்

இதை இன்னொரு வரலாற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1857 எழுச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுப்பதற்கென்றே பிரிட்டிஷார் தனித் துப்பாக்கி செய்தார்கள். புரி வெட்டிய குழலைக் கடைந்து புரியை எடுத்துவிட்டு, வழுவழுப்பான குழலாக்கிக் கொடுத்தார்கள். புரி இல்லாவிட்டால் குண்டு சுழலாது. சுழலாத குண்டு தூரம் போனால் குறி தப்பும். சிப்பாய் திரும்பிச் சுட்டாலும் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குச் சமமாகச் சுடமுடியாது என்ற கணக்கு.

அதே கணக்கு போலீஸ் விஷயத்திலும் ஓடியது. .410 மஸ்கெட் என்று ஒன்று இருந்தது. பழைய லீ என்ஃபீல்டுகளின் குழலை அகலக் கடைந்து, மேகசினை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் என்று ஆக்கியது. இதுவும் ஈஷாப்பூர் சரக்குதான். சாதாரண .303 தோட்டா இதில் சுடாது, தூரமும் போகாது. காலனி அரசுக்குத் தன் போலீஸ்காரன் மேலேயே நம்பிக்கை இல்லை என்பதால் அவனுக்கு நொண்டித் துப்பாக்கி கொடுத்தது. அது ஜனங்கள் மேல் இருந்த இரக்கம் இல்லை. 1919இல் ஜாலியன்வாலாபாகில் டயரின் 50 சிப்பாய்கள் .303ஆல் 1,650 ரவை சுட்டவர்கள். சராசரி ஆளுக்கு 33. பட்டாளத்தின் துப்பாக்கியைக் கூட்டத்தின் மேல் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

யாருக்கு எந்தத் துப்பாக்கி என்பதுதான் அரசின் முதல் இலக்கணம். பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டையைச் சேர்ந்த மலேயா கணபதி, அகில மலேயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர், 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். சாட்டிய குற்றம் ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது. சுட்டார் என்பது கூட இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணிக்கு நிலவுடைமையாளர் தரப்பு துப்பாக்கிகளோடு வந்தது; 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள்; உயர்நீதிமன்றத்தில் மிராசுதார்கள் விடுதலையானார்கள். இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் அந்த இலக்கணத்தின் விதி தானே விளங்கும்.

சுதந்திர அரசு நொண்டித் துப்பாக்கியை மெல்ல மெல்லக் கழித்தது. அதன் இடத்தில் வந்ததில் எஸ்.எல்.ஆரும் ஒன்று. காலனி அரசு தன் போலீஸ்காரனை நம்பாததால் ஜனங்களுக்குக் கிடைத்திருந்த தற்செயலான பாதுகாப்பு அதோடு போனது. நம்முடைய அரசு தன் போலீஸ்காரனை நம்புகிறது. நல்லது. ஜனங்களை நம்புகிறதா என்பது வேறு கேள்வி.

எண்ணிப் பார்த்தல்

1972 ஜனவரி 30. வட அயர்லாந்தில் டெரி நகரம். உரிமை ஊர்வலம் போனவர்கள் மேல் பிரிட்டிஷ் பாராசூட் படை எஸ்.எல்.ஆரால் நூறு ரவைக்கு மேல் சுட்டது. அன்றே 13 பேர் இறந்தார்கள், இன்னொருவர் பின்னால். பாதித் தானியங்கி என்பதால் ஒவ்வொரு சிப்பாயும் தான் சுட்ட ஒவ்வொரு ரவைக்கும் கணக்குச் சொல்லவேண்டியிருந்தது: எங்கே நின்றேன், யாரைப் பார்த்தேன், எதற்குச் சுட்டேன். ஒரு சிப்பாய் 22 ரவை சுட்டிருந்தார். அதில் 19ஐ ஒரே ஜன்னலுக்குள் சுட்டதாகச் சொன்னார். சிப்பாய்களைப் பெருமளவு காப்பாற்றி எழுதிய விட்ஜெரி அறிக்கையே அந்த 19 ரவைக்குக் கணக்கில்லை என்று ஒப்புக்கொண்டது. கணக்கு அங்கேதான் முதலில் கிழிந்தது. 1998இல் தொடங்கிய சாவில் விசாரணை, அந்தத் துப்பாக்கிகளைப் பாதுகாத்து வைக்கச் சொன்ன பிறகும் சில அழிக்கப்பட்டன. துப்பாக்கி ஒரு பிரதி, அதை வாசிக்க முடியும் என்பது நமக்குத் தெரியாவிட்டாலும் அழித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2010இல் சாவில் அறிக்கை, சுடப்பட்டவர்கள் யாராலும் உயிராபத்து இருக்கவில்லை என்று சொன்னது. பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் 2025 அக்டோபரில், வழக்கைச் சந்தித்த முன்னாள் சிப்பாய் ஒருவரைப் பெல்பாஸ்ட் நீதிமன்றம் விடுதலை செய்தது. எண்ணிக் காட்டினால் தண்டனை கிடைத்துவிடும் என்று யாரும் உறுதி தரமுடியாது. எண்ணாவிட்டால் உண்மை கூடக் கிடைக்காது.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். அன்றும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். பயன்படுத்திய ஆயுதங்களில் எஸ்.எல்.ஆரும் இருந்தது. சீருடை இல்லாத ஒருவர் வேன் கூரைமேல் ஏறி நீளத் துப்பாக்கியால் குறிபார்த்த படத்தை நாடே பார்த்தது. சுட உத்தரவு கொடுத்ததாக முதல் தகவல் அறிக்கைகள் காட்டியது துணை வட்டாட்சியர் நிலையில் இருந்தவர்களை. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தூண்டுதல் எதுவும் இல்லாமலேயே சுட்டிருக்கிறார்கள், ஓடுகிறவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று அது சொன்னது. ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் 17 ரவை சுட்டதையும் எடுத்துக்காட்டியது.

17 ரவை. இங்கே அந்த இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொடர் துப்பாக்கியாக இருந்தால் கை அழுந்திவிட்டது, இரண்டு விநாடியில் போய்விட்டது என்று சொல்ல ஒரு வழி இருக்கும். எஸ்.எல்.ஆரில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. பூட்டை விடுவிக்கவேண்டும், குறிபார்க்கவேண்டும், அழுத்தவேண்டும், விரலை எடுக்கவேண்டும், மறுபடி அழுத்தவேண்டும். 17 ரவை என்றால் 17 தடவை விரல் திரும்பி வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அழுத்தாமல் விட்டிருக்க முடியும்.

விரலோடு நின்றுவிட்டாலும் தப்பு. அந்தக் காவலரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கூட்டிப் போனது யார்? கிடங்கிலிருந்து அன்றைக்கு அந்தத் துப்பாக்கியை எடுத்துக் கொடுக்கச் சொன்னது யார்? கடைநிலைக் காவலரின் விரலைக் காட்டிவிட்டு மேலே உள்ளவர்கள் கைகழுவுவது இந்த நாட்டில் நடக்காததில்லை. விரலை எண்ணுவது, அதை ஆட்டிய கைகளை நோக்கி மேலே ஏறுவதற்கான முதல் படி.

நடந்தது, நடத்தினார்கள், சுட்டார்கள்

கடைசியாக, நம் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். மறுநாள் செய்தித்தாளில் என்ன எழுதுகிறார்கள்? 'துப்பாக்கிச் சூடு நடந்தது.' 'சூட்டில் 13 பேர் பலியானார்கள்.' நடந்தது என்பது தன்வினை. மழை பெய்தது, திருவிழா நடந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. எழுவாய் இடத்தில் சூடு நிற்கிறது, சுட்டவர் இல்லை. 'பலி' என்கிற சொல்லோ சாவைப் படையலாக்கிவிடுகிறது. கொஞ்சம் துணிந்த பத்திரிகை 'போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர்' என்று எழுதும். அப்போதும் 'நடத்தினர்' என்பது கூட்டம் நடத்துவது, பள்ளிக்கூடம் நடத்துவது போல ஏதோ ஒரு நிர்வாகக் காரியம் மாதிரித்தான் ஒலிக்கிறது.

எங்கள் பக்கத்துக் கிழவிகளைக் கேட்டுப் பாருங்கள். 1950 மே மாதத்தில் வடசேரியில் வாட்டாகுடி இரணியனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதே நாட்களில் ஜாம்பவானோடை சிவராமனையும். அந்தக் கதையை ஜனங்கள் 'சூடு நடந்துச்சு' என்று சொல்வதில்லை. 'சுட்டுப்புட்டாங்க' என்பார்கள். வினைமுற்றுக்குள்ளேயே ஆள் இருக்கிறான். தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் நான்கையும் தன் விகுதியில் சுமக்கக்கூடியது. சுட்டான், சுட்டார், சுட்டார்கள் என்று எழுத வாய்ப்பிருக்கும்போது 'சூடு நடந்தது' என்று எழுதுவது, எஸ்.எல்.ஆரில் கூட இல்லாத ஒரு தானியங்கி வசதியை மொழிக்குள் கொண்டுவந்து பொருத்துவதுதான். அந்தத் துப்பாக்கி ஒருநாளும் தானாகச் சுட்டதில்லை. நம் வாக்கியங்களில் மட்டும்தான் அது தானாகச் சுடுகிறது.

ஆகவே அடுத்த முறை (வரக்கூடாது, வந்தால்) உண்மையறியும் குழுவோடு போகிறவர்களும் அதைப் பற்றி எழுதுகிறவர்களும் கேட்கவேண்டியவை ரொம்ப எளிமையானவை. எந்த வகைத் துப்பாக்கி? யார் பெயரில் எடுத்துக் கொடுக்கப்பட்டது? எத்தனை ரவை போனது, எத்தனை திரும்பி வந்தது, எத்தனை வெற்றுத் தோட்டா கிடைத்தது? இறந்தவருக்கும் சுட்டவருக்கும் நடுவில் எத்தனை மீட்டர்? முன்னால் பட்டதா, முதுகில் பட்டதா? கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் யாருக்கு என்று 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அதிகாரத்தில் உத்தரவு சொன்னவர் யார், எப்போது, எங்கே நின்று சொன்னார்? இந்தக் கேள்விகளில் கவித்துவம் எதுவும் இல்லை. துப்பாக்கி முனையில் பூ வைத்து எழுதிய வரிகளைவிட, ரவைக் கணக்கு எழுதிய ஒரு நோட்டு அதிகாரத்தை அதிகம் சங்கடப்படுத்தும்.